குளவி கொட்டியதும் நான் உளறியதும்

ஆம்பூர்த் தோல் கிடங்கில் நானும் என் தோஸ்தும் அடுத்தடுத்த மேஜைகளில் நின்று தோலை ரகம் பிரித்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் இருபத்தைந்து வயதிருக்கும். வேலையில் எங்களைக் குறை சொல்ல முடியாது. நடுநடுவே செய்த குறும்பைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. மேஸ்திரியின் குடைக்குள், தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைத் தூளை நிரப்பி வைத்தது நாங்கள்தான். மழை வரும்வரை அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை பட்டை மூட்டை ஒன்றை நகர்த்தினேன். உள்ளே கூடு கட்டியிருந்த குளவி கழுத்தில் கொட்டியது. போன வருஷமும் ஒன்று கொட்டிக் கை முழுக்க வீங்கியிருந்தது. இந்தத் தடவை உள்ளங்கை அரித்தது, உடம்பெல்லாம் தடிப்புகள் கிளம்பின, உதடு பருத்தது. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிப்பது போலிருந்தது.

தோஸ்த் சிரித்தான். "இன்னாடா மூஞ்சி இது, பூசணிக்கா மாதிரி? போதும்டா நடிப்பு!"

அவன்மேல் தப்பில்லை. போன மாசம்தான் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக, வலிப்பு வந்தவன் போல அங்கேயே விழுந்து காட்டியிருந்தேன். இப்போது நிஜமாகவே விழுந்தேன். என் உதடு நீலமானதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி, தெருவில் போன ஜட்கா வண்டியை மறித்தான்.

வண்டியில் எனக்குச் சாவு நிச்சயமாகிவிட்டது. அவன் மடியில் தலை வைத்தபடி, தவளைக் குரலில் சொன்னேன்: "திருப்பத்தூர் லெட்டரு... நான்தாண்டா எழுதினேன்."

இரண்டு மாதத்துக்கு முன் திருப்பத்தூரிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. 'பெண் கொடுக்க ஆசைப்படுகிறோம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு சந்தை முனையில் காத்திருக்கவும்.' இரவல் ஷெர்வானியும் அத்தருமாக ரயிலேறிப் போனவன், சாயங்காலம் வரை வெயிலில் நின்றுவிட்டு வந்தான். எழுதியவனைத் தேடிப் பிடிக்க அவனுக்கு ரொம்ப உற்சாகமாக உதவியவனும் நான்தான்.

அவன் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. "அதெல்லாம் இன்னாத்துக்குடா இப்போ? மன்னிச்சிட்டேன். நீ மூச்சு வுடு, அது போதும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரே பார்வைதான் பார்த்தார். "என்ன கொட்டிச்சு?" என்று கேட்டுக்கொண்டே, கண்ணாடிக் குப்பி ஒன்றின் கழுத்தை ஒடித்து, ஊசியில் ஏற்றி என் கையில் குத்தித் தேய்த்துவிட்டார். மருந்தின் பெயர் அட்ரினலின் என்று நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. கால்மாட்டை உயர்த்தச் சொன்னார்.

நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. இதுதான் முடிவு என்று நினைத்து மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு அதே ரயில்ல நானும் வந்தேண்டா. டீக்கடையில ஒக்காந்து ஒன்னப் பாத்துச் சிரிச்சினு இருந்தேன்."

"அந்த மருந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும். நீங்க ஒண்ணும் சாகப் போறதில்ல, பேசாம படுங்க" என்றார் டாக்டரம்மா.

சில நிமிஷங்களில் தொண்டை திறந்தது. ஆசை தீர மூச்சு விட்டேன்.

தோஸ்த் இரு கையையும் ஏந்தி மேலே பார்த்து நன்றி சொன்னான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. "டாக்டரம்மா, இவன் பொழச்சிக்கினானா?"

"பொழச்சிட்டார்."

"பக்காவா?"

"பக்காவா."

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். "டேய், நான் மன்னிச்சது சாவப்போறவன!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வீக்கம் திரும்பி வந்தாலும் வரலாம். இன்னிக்குப் பூரா இங்கயே இருக்கணும். கூட ஒரு ஆள் வேணும்."

"நான் இருக்கேன்மா. இவன் எங்கயும் ஓடிடக் கூடாது."

சாயங்காலம் வரை அவன் முக்காலியை விட்டு நகரவில்லை. நான் இருமினால் பதறி எழுந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பான். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து திட்டுவான். கடிதம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். என் எழுத்துப் பிழைகளைக்கூட ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினான்.

ரொம்ப நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "பொண்ணுக்குக் கண்ணு பெருசுன்னு எழுதியிருந்தியே... அப்படி யாராவது நெஜமா இருக்காங்களாடா?"

"இல்லடா."

எழுந்து போய்ப் பக்கத்துக் கட்டில்காரரிடம் விசிறியை இரவல் வாங்கி வந்தான். கொஞ்சம் வேகமாகவே எனக்கு விசிறினான்.