சொந்த மனைவியைப் பெண் கேட்ட யாவ்

ஒஹாயோவில் எங்கள் மாணவர் குடியிருப்பில் யாவைவிடச் சாதுவான கணவன் கிடையாது. மண்ணை ஆராய்கிறவன், மண்ணைப் போலவே பொறுமைசாலி. மனைவி எஃபுவாவும் இங்கே மாணவிதான். கானாவில், பெண் வீட்டில், ஜின் பாட்டில் வைத்துப் பெண் கேட்டு, ஊரே சாட்சியாக நடந்த கல்யாணம். சர்ச் கல்யாணத்தை மட்டும் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

அந்தப் பாழாய்ப்போன ஏப்ரல் வந்தது. வரிக் கணக்கு அனுப்பும் மாதம். எங்களைப் போன்ற விசா மாணவர்கள், கணவன் மனைவியானாலும், ஆளுக்கொரு கணக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு எக்கோ யோசனை சொன்னான். "சர்ச்ல மோதிரம் மாத்தலையேடா! கல்யாணம் ஆகாதவன்னு போடு, வேலை சுலபம். நான் அப்படித்தான் போட்டேன்."

"நீ நிஜமாவே ஆகாதவன்டா!"

"அதான், அனுபவத்துல சொல்றேன்."

யாவ் போட்டுவிட்டான். எஃபுவா பார்த்துவிட்டாள். கையிலிருந்த கிண்ணம் நழுவியது. வேர்க்கடலைக் குழம்பு தரையெல்லாம் தெறித்தது.

"என் கணக்குல கல்யாணமானவள்னு போட்டிருக்கேன். எனக்குப் புருஷன் இருக்கான், உனக்குப் பொண்டாட்டி இல்லையா? இத்தனை நாளா ஃபுஃபு களி கிண்டிப் போட்டவ யாரு? பேயா?"

"எஃபு, அது சும்மா வரிக்காரங்களுக்கு..."

அவள் விம்மலோடு கானாவில், கேப் கோஸ்ட் ஊரிலிருந்த தாய்மாமனை வீடியோவில் அழைத்தாள். கதையைக் கேட்டவர் கர்ஜித்தார்.

"கல்யாணம் ஆகாத பையனுக்கு உன் வீட்ல என்னம்மா வேலை? வெளிய அனுப்பு! வேணும்னா முறையா வந்து கதவைத் தட்டிப் பொண்ணு கேக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே பனி. யாவின் காலில் வெறும் செருப்பு. கையில் அந்தத் துரோகப் படிவம்!

ஓட்டமாக ஓடினான் பல்கலைக்கழக வரி உதவி மேசைக்கு. அங்கிருந்த பெண்மணி சிரிக்காமல் சொன்னாள்: "உங்க ஊர்ல செல்லுபடியாகிற கல்யாணம்னா இங்கயும் கல்யாணம்தான் தம்பி. மாத்தி எழுது."

மாலையில் யாவ் ஜின் பாட்டிலோடு தன் வீட்டு வாசலில் நின்றான். மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்பது முறை. பேச்சாளனாக எக்கோ, பாவத்துக்குப் பரிகாரம்.

டொக், டொக்.

"ஐயா, இந்தப் பக்கமா போனோம். உங்க தோட்டத்துல ஒரு பூ பார்த்தோம். பறிக்கலாமான்னு கேக்க வந்தோம்."

உள்ளே மேசைமேல் சாய்த்து வைத்த போனிலிருந்து மாமா: "முன்னாடி ஒருத்தன் பறிச்சுட்டுப் போயி, பூவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டானே! அம்மா எஃபுவா, பாட்டிலை வாங்கலாமா?"

கதவு அசையவில்லை. யாவ் பாட்டிலை இன்னும் உயர்த்திப் பிடித்தான்.

"மூணு தடவை கேக்கறது முறை, இது ரெண்டாவது. வாங்கலாமா?"

"முதல்ல படிவத்தைக் காட்டச் சொல்லுங்க மாமா."

கதவிடுக்கு வழியே காகிதம் உள்ளே போனது. 'மணமானவர்.' அருகே மனைவி பெயர், கண்ணீர் பட்டோ பனி பட்டோ கலங்கியிருந்தது.

"மூணாவது தடவை. வாங்கலாமா?"

"...வாங்கிக்கலாம் மாமா."

கதவு திறந்தது. யாவ் இரு கைகளையும் விரித்தான். அவற்றில் துடைப்பான் ஒன்று வந்து விழுந்தது.

"புருஷன்தானே? காலையிலேருந்து குழம்பு காயுது. துடை."