நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. முன்பின்னாக எழுதியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத்தறி. என் சின்ன வயதில் ஒரு நாள் இரண்டு நாய்கள் சண்டை போட்டதை விலக்கப் போன சித்தப்பாவைச் செவலை நாய் வலது கையில் கடித்துவிட்டது. சுண்டு விரலுக்குக் கீழே பல் இறங்கிய சின்னப் பொத்தல்தான், ரத்தம்கூட அதிகம் வரவில்லை.

வெறி நாயாக இருக்குமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். சித்தப்பா அதற்குப் பயந்து, காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியை விட்டே ஏறவில்லை. பத்து நாள் நாய் சாகாமல் இருந்தால் ஊசியே வேண்டாம் என்று தெரு தீர்ப்புச் சொன்னது. பட்டில் தீட்டு ஒட்டாது என்று, சித்தி காயத்தில் மஞ்சளை அப்பிக் கழிவுப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டினார்.

நாயைக் கவனிக்கும் வேலை எனக்கு வந்தது. யார் எதிரிலும் வாய் திறக்காத என் பேச்சுக்குத் தெருவே காத்திருந்தது! விடிந்ததும் ஓடுவேன். வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "தண்ணி குடிச்சிச்சி சித்தப்பா, வாலாட்டினு கீது" என்பேன். தறிகள் நின்று எல்லோரும் சிரிப்பார்கள். அது செத்துவிடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு சோறு வைத்தார்கள். சித்தி தன் பங்குக் கறியையே வைத்தார். நாய் கொழுத்தது.

சித்தப்பாவின் கையும் கொழுத்தது. முழங்கை வரை சிவந்து வீங்கி, தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க முடியவில்லை. குளிர் ஜுரத்தில் உடம்பு உதறியது. "நாய்தான் நல்லா கீதே, அப்புறம் இன்னா பயம்?" என்றார் அப்பா. மறுநாள் சித்தப்பா ஆள் தெரியாமல் பிதற்றவும், சித்தி போட்ட சத்தத்தில் வாடகைக் கார் வந்தது. டாக்டர் நாயைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். காரில் வேலூருக்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே டாக்டர் நூலை வெட்டியதும் கிளம்பிய நாற்றத்தில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடிச்ச உடனே சோப்பு போட்டுக் கழுவினீங்களா?"

நான் முன்னால் போய், "நாய் நல்லா கீதுங்க. நேத்துகூட கறி துன்னுச்சி" என்றேன்.

"நாய் நல்லாத்தாம்மா இருக்கும். அது வாயில இருந்த கிருமி உங்க சித்தப்பா ரத்தத்துல ஏறிடுச்சி."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. வெளியே ஓடினேன். "சித்தி, நாய் நல்லாத்தான் இருக்குமாம். டாக்டரே சொல்ட்டாரு" என்றேன். சித்தி என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நானும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பா பிழைத்து வந்தார், சுண்டு விரல் மட்டும் வரவில்லை. பயந்த அந்த ஊசியையும் சேர்த்தே போட்டுத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கே கழுவிவிட்டு டாக்டரிடம் போயிருந்தால் விரல் தங்கியிருக்குமா? வைத்தியம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.