பால்வெட்டுக் கத்தியும் கிடாவின் குளம்பும்

பண்டார் ஹிலிரில் பழம்பொருள் கடையொன்றில் ரப்பர் மரம் சீவும் கத்தியைப் பார்த்ததும் ஈரக் குளம்பின் வாடை மூக்கில் ஏறியது. அதே டவுனின் காஜா பெராங் பகுதியில் இப்போது கார்கள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் ஆட்டுக்கொட்டகை இருந்தது. நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா சமயத்தில் மழை விடாமல் பெய்ய, சேற்றிலேயே நின்ற ஆடுகளின் குளம்பு தேயாமல் வளர்ந்து, உள்ளே மடிந்து, மடிப்பில் சேறு தங்கி அழுகும். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலையை விட்டு டவுனுக்குக் குடிவந்த அம்மா அதே கத்தியால் குளம்பு சீவுவார். நான் யாரிடமும் பேசாத பெண். ஆட்டின் காலைப் பிடிப்பதில் மட்டும் கெட்டி.

ஹஜ்ஜுப் பெருநாளில் பலியிட எதிர்க்கடை ராவுத்தர் பேசிவைத்திருந்த கிடா ஒருநாள் நொண்டியது. அவர் வந்து பார்த்தார்.

"நொண்டி ஆடு குர்பானிக்கு ஆகாது, தங்கச்சி. நான் வேற பார்த்துக்கிறேன்."

"கொஞ்சம் நில்லுங்கண்ணே." அம்மா கத்தியை எடுத்தார்.

"ரப்பர் கத்தியா? அது என்ன மரமா?"

"மரத்துலயும் பட்டையத்தான் சீவுவோம். உள்ள பட்டா மரம் போச்சு. இதுவும் அப்படித்தான்."

குளம்பின் கருத்த ஓரம் சுருள் சுருளாக விழுந்து, அடியில் வெள்ளை தெரிந்து, அது லேசாகச் சிவக்கத் தொடங்கிய இடத்தில் அம்மாவின் கை தானாக நின்றது. மடிப்பிலிருந்து ஒரு சரளைக்கல் உதிர்ந்தது. கிடா காலை ஊன்றியது. ராவுத்தர் அதைச் சாலைவரை மூன்று முறை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"என் காலுலயும் ஆணி இருக்கு, தங்கச்சி."

"வாங்க, சீவிடலாம். பாப்பா பிடிச்சுக்குவா. உதைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கிக்கொண்டார். நேராக நடந்த கிடாவின் பின்னால் அவர்தான் நொண்டிக்கொண்டு போனார்.