பனிப்பாறைக்கு முன்னால் கதைக்கக் கூடாது

கிறீன்லாந்துக்குப் பனிப்பாறை பார்க்க வரும் ஜெர்மன்காரர்கள் இரண்டு விஷயம் கேட்பார்கள். கிட்டப் போக வேண்டும், அமைதி வேண்டும். கிட்டப் போக ஏலாது. பாறை எப்போது புரளும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அமைதியைத் தாராளமாகக் கொடுப்போம். ரப்பர் படகைத் தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, சில நிமிடங்கள் யாரும் வாய் திறக்காமல் இருப்பது எங்கள் வழக்கம். ஹம்பேர்க்கிலிருந்து புறப்படும் கப்பலொன்றில் பல வருடம் படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் இருந்தேன். கெல்சென்கிர்ச்சனில் என் வீட்டில் அப்படி ஓர் அமைதி ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒரு பயணத்தில் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வந்த தமிழ்ச் சோடி ஒன்று என் படகில் ஏறியது. பிள்ளைகள் சேர்ந்து அனுப்பிவைத்த பயணமாம். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி ஊரில எவடம்?" என்று தொடங்கிவிட்டார். அண்ணை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பனி வெளிச்சத்துக்கு எல்லோரும் போடுவதுதானே என்று நான் கவனிக்கவில்லை.

எஞ்சினை அணைத்தேன். படகு அடங்கியது. அக்கா மட்டும் அடங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, மேல தட்டையாக் கிடக்கு. இடது பக்கம் ஒரு வெடிப்பு. தண்ணிக்குக் கீழ பச்சையாத் தெரியுது..."

முன்னால் இருந்த ஜெர்மன்காரர் திரும்பி, "ரூஹே, பிட்டே!" என்று அமைதி கேட்டார். பிறகு, என் சொந்தக்காரரை நான்தான் ஏற்றி வந்தேன் என்பதுபோல என்னையும் பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது. எங்கட சனத்துக்கு ஓர் இடத்திலாவது வாயை மூடத் தெரியாதா?

"அக்கா, கொஞ்சம் கதைக்காமல் இருங்கோவன். இதுக்குத்தான் எல்லாரும் வந்தவை."

"ஏலாது தம்பி. இவருக்குக் கண் தெரியாது. நான் சொன்னாத்தானே இவருக்கு விளங்கும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஜெர்மன்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் சிவந்துபோய், "மன்னியுங்கள், அவர் பேசட்டும்" என்றார். ஆனால் அண்ணை அக்காவின் கையைத் தேடிப் பிடித்தார்.

"நீர் கொஞ்சம் பொறும். எனக்குக் கேக்குது."

உருகும் பனித்துண்டுகளுக்குள் அடைபட்ட காற்று வெளியே வரும்போது, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அண்ணை தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மடியைப் பார்த்தபடி இருந்தார். தான் தேவையில்லாமல் போனதில் மனம் நொந்துவிட்டாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாறைப் பக்கம் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

கப்பலிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார்கள். அடுத்த குழு காத்திருக்கிறது, திரும்பி வரட்டாம்.

"சரி, இனிச் சொல்லும்," என்றார் அண்ணை. "இன்னும் என்ன தெரியுது?"

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண் கலங்கியிருந்தது.

"பொறுங்கோப்பா. இவ்வளவு நேரமும் உங்களுக்குச் சொல்லத்தான் பாத்தனான். எனக்கெண்டு இன்னும் பாக்கேல்லை."

ரேடியோவில் மறுபடி கூப்பிட்டார்கள். "வாறம்" என்று சொல்லிவிட்டு எஞ்சினைத் தொடாமல் இருந்தேன். குழு குழுவாக ஏற்றி வந்து, அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று கை நீட்டுவதே என் பிழைப்பு. நீட்டிய கைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் நின்று பார்த்து எத்தனை காலம்! அன்றைக்கு அக்கா பார்த்த பக்கம் நானும் திரும்பி இருந்து பார்த்தேன்.

புதிதாக வரும் வழிகாட்டிகளுக்கு எல்லோரும் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பயணத்துக்கு ஒருமுறையாவது நீங்களும் பாருங்கள்.