ஆண்கள் வார்டில் சொன்ன பகிடி

பூசை முடிந்து பங்குச் சுவாமி கேட்டது சின்னக் கேள்விதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்க ஆள் போதாது, தவக்காலம் முழுக்கக் காலையில் போய் உதவி செய்ய எந்தப் பொடியன்கள் தயார் என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்த கூட்டாளியின் கையைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கிவிட்டேன். அவன் சும்மா இருப்பவனா, என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சுவாமி மேலே நின்ற இரண்டு கைகளையும் பார்த்துச் சந்தோஷப்பட்டு இரண்டு பேரையும் ஆசீர்வதித்தார்.

கூட்டாளிக்கு இரண்டாம் நாளே வயிற்றுவலி வந்தது. அது உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மாறவில்லை. எனக்கு அந்த வழியும் இல்லை. அம்மா கோயில் வாசலிலேயே பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார். தவக்காலத்தில் ஏற்ற வேலையை இடையில் விட்டவனுக்கு வீட்டில் சோறு கிடையாது என்பது அவருடைய சட்டம்.

எனக்குக் கிடைத்தது ஆண்கள் வார்டு. முதல் வேலை, தெருவிலிருந்து விறாந்தையில் ஏறி நிற்கும் ஊர்க் கழுதைகளைக் கலைப்பது. பிறகு தும்புத்தடியால் கூட்டி, பினைல் தண்ணீரால் கட்டில் கட்டிலாகக் கீழே குனிந்து துடைக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு கட்டில். அதே தண்ணீரை ஐந்தாவது கட்டிலுக்குக் கொண்டுபோனால் தாதி மிஸி கண்ணாலேயே திருப்பி அனுப்புவார். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பினைல் மணம் மூக்கை விட்டுப் போகாது, வீட்டில் மீன் குழம்பும் பினைலாகத்தான் மணக்கும். நோயாளிகளுக்குத் துண்டு வெட்டினால் வீட்டுக்குப் போகலாம். எனக்குத் துண்டு வெட்ட ஆளில்லை.

கடைசிக் கட்டிலில் ஓலைத்தொடுவாயைச் சேர்ந்த சம்மாட்டியார் ஒருவர் இருந்தார். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஐம்பது வயது. சீனி வருத்தத்தால் வலது பாதத்தில் புண் வந்து கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பாதத்தை வெட்டி எடுப்பதாக இருந்தது. அதற்குக் கையெழுத்தும் வைத்துவிட்டு, வைக்கச் சொன்ன மனைவியை ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் தம்பி, உனக்குப் பின் கேற் தெரியுமே?"

"தெரியும். கழுதையளை அதாலதான் கலைக்கிறனான்."

"என்னையும் ஒருக்கா அதால கலைச்சு விடன்."

"கழுதையெண்டா சொன்னதைக் கேக்கும். நீங்கள் கேக்கமாட்டியள்."

வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒத்தைக் காலோட வள்ளத்தில ஏறேலுமோ? கரையில குந்தியிருந்து மற்றவன் கொண்டுவாற மீனைப் பாக்கவோ? ஒரு ஓட்டோ பிடிச்சுத் தா, அதுவே காணும்."

"சரி, வெள்ளிக்கிழமை விடியக் கூட்டிக்கொண்டு போறன். மாதாவாணை."

என் வாயில் மாதாவாணை எதற்கும் வரும். தேத்தண்ணி குடித்ததற்கும் வரும், குடிக்காததற்கும் வரும். கூட்டாளிகள் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சம்மாட்டியார் எடுத்தார். மாதாவின் பேரைச் சொல்லாமல் ஒரு நாளும் வள்ளம் இறக்காத மனிதர் அவர். தவக்காலத்தில், சுவாமி அனுப்பிய பொடியன் அந்தப் பேரில் சொன்னது அவருக்கு எழுதிக் கொடுத்ததற்குச் சமம். அடுத்த நாள் மருந்தைச் சத்தமில்லாமல் குடித்தார். மனைவியைத் திட்டவில்லை. எனக்குப் பயம் பிடித்தது.

"சம்மாட்டியார், நான் நேற்றுச் சும்மா..."

"கதையாதை. பக்கத்துக் கட்டிலுக்குக் கேக்கும்."

தலையணையைச் சற்றுத் தூக்கி, மடித்து வைத்த சாரத்தையும் சேர்ட்டையும் காட்டினார்.

மிஸியிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "மிஸி, அவற்ற காலை எடுக்காட்டி என்ன நடக்கும்?"

"நஞ்சு மேல ஏறுது. இன்னொரு கிழமை விட்டா முழங்காலுக்கு மேல வெட்டவேணும். அதையும் விட்டா ஆளே இல்லை. ஏன், நீ டொக்டருக்குப் படிக்கப் போறியோ?"

"ஒன்பதாம் வகுப்போட எடுப்பினமெண்டாப் போறன்."

மிஸி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை இரவு எனக்கும் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா மல்லித் தண்ணீர் அவித்துத் தந்தார், அவ்வளவுதான். போகாமல் விட்டால் சம்மாட்டியார் தானாகவே நொண்டிக்கொண்டு பின் கேற்றுக்குப் போவார். போனால் நான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை சம்மாட்டியாரைத் தள்ளிக்கொண்டு போகச் சில்லுக்கதிரை வந்தபோது அவர் ஏற மறுத்தார்.

"அந்தப் பொடியன் தள்ளினாத்தான் ஏறுவன்."

எல்லோருக்கும் நிம்மதி. அவருடைய மனைவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு வார்டு வாசலில் நின்றுகொண்டார். கதிரையைக் கொண்டுவந்த வேலையாள் காகிதங்களோடு முன்னால் போய்விட்டார். சம்மாட்டியார் மடியில் உடுப்புப் பையை வைத்துத் துவாயால் மூடிக்கொண்டு எனக்குக் கண்ணடித்தார்.

நடைபாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் பின் கேற், இடப்பக்கம் சத்திரசிகிச்சைக் கூடம். அங்கே நின்றுவிட்டேன்.

"ஏன் நிக்கிறாய்? ஓட்டோ வந்திட்டுதோ?"

"ஓட்டோ இல்லை. நான் பிடிக்கேல்லை."

"அப்ப?"

"இன்னும் ஒரு கிழமை விட்டா முழங்காலும் போயிடுமாம். பிறகு உயிரும். மிஸி சொன்னவ."

"மாதாவாணை எண்டனீ."

"ஓம்."

"பகிடிக்கோ?"

"பகிடிக்குத்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் பையை அணைத்துக்கொண்டு வலப்பக்கமே பார்த்தார். திறந்த கேற்றுக்கு அப்பால் வெள்ளை மணலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அந்தப் பக்கமும் என்னால் தள்ள முடியவில்லை, இந்தப் பக்கமும் முடியவில்லை.

"எந்தப் பக்கமெண்டு நீங்களே சொல்லுங்கோ, சம்மாட்டியார்."

"கதிரை உன்ர கையிலதானே இருக்கு."

இடப்பக்கம் தள்ளினேன். அவர் சில்லைப் பிடித்து நிறுத்தவில்லை. கதவடியில் டொக்டர், "சம்மதம்தானே ஐயா?" என்று கேட்டார். சம்மாட்டியார் நிலத்தைப் பார்த்தபடி "ஓம்" என்றார். பையை, என் முகத்தைப் பார்க்காமல், என் கையில் தந்தார்.

பாதம் போனது, முழங்கால் தப்பியது. அவருடைய மனைவி எனக்கு அப்பம் சுட்டுக்கொண்டு வந்தார். சம்மாட்டியார் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உயிர்த்த ஞாயிற்றுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. ஒவ்வொரு காலையும் அந்தக் கட்டிலுக்குக் கீழே நான் குனிந்தே ஆகவேண்டும். கழுதை மாதிரிக் கத்திக் காட்டினேன், மிஸி மாதிரி நடந்து காட்டினேன். வார்டு சிரித்தது. அந்த முதுகு அசையவில்லை.

ஒரு நாள் பக்கத்துக் கட்டிலுக்கு இலுப்பைக்கடவையிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார்.

"தம்பி, வெளியில ஒரு தேத்தண்ணி வாங்கித் தருவியோ?" என்று கோப்பையை நீட்டினார்.

நான் வாய் திறக்க முன்னர் சுவர்ப்பக்கமிருந்து சம்மாட்டியாரின் குரல் வந்தது.

"உவனிட்டை ஒண்டும் கேக்காதேங்கோ. ஓமெண்டுவான், செய்யமாட்டான்."

பிறகு, "கட்டிலுக்குக் கீழ மட்டும் வடிவாத் துடைப்பான்" என்றார்.

நான் ஓம் என்று சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.