செக் தேர்தலுக்குக் காஞ்சியில் ஓர் அர்ச்சனை

காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில், அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மாள் நிற்கிறார். அவருடைய மகன் செக் நாட்டில் பீரங்கிக் குண்டு செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறானாம்.

"அங்க எலக்‌ஷன்ல ஆட்சி மாறிடுச்சு சார். ஜெயிச்சவங்க சொன்னபடி உக்ரைனுக்குக் குண்டு குடுக்கறத நிறுத்திட்டா வேலை போயிடும்னு பயந்துக்கினு இருக்கறான்."

"முதல்ல ஜெயிச்சவங்களை ஆட்சி அமைக்க அதிபர் அழைக்கணும், அப்புறம் நாடாளுமன்றத்துல நம்பிக்கை வாக்கு எடுக்கணும். எந்த அரசும் சொன்னதை உடனே செய்யாதும்மா" என்கிறேன். ஓய்வுபெற்ற அதிகாரியான என்னால் தர முடிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

முறை வந்ததும் அம்மாள் அர்ச்சகரிடம் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, வேலை நிலைக்க அர்ச்சனை செய்யச் சொல்கிறார். பிறகு தயங்குகிறார்.

"அந்தக் குண்டு எங்க போய் விழுதோ, அங்க இருக்கற புள்ளைங்களுக்கும் ஒண்ணு பண்ணுங்க சாமி."

"பேர், நட்சத்திரம்?" என்கிறார் அர்ச்சகர்.

அம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.