பத்தாவது ஆள்

டெஸ் பாஸ்கோ பல்லாரட் ரயில்வே பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அத்தனை வருடத்தில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. தொழிற்சங்கச் சந்தா அவர் கையில்தான் இருந்தது. ஒருவரும் ஒரு நாளும் ரசீது கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்தோராம் வயதில், போயும் போயும் ஒரு இன்டர்நெட் இணைப்புக்காகத் தலைகுனிந்து நின்றார் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். அவருக்கே இன்னும் ஆறவில்லை.

ஓய்வு பெற்றவர்கள் புதன்கிழமை கூடுகிற தகரக் கொட்டகை ஒன்று உண்டு. ஷெட் என்பார்கள். மரம் இழைப்பது கொஞ்சம், டீ குடிப்பது அதிகம். எந்தக் கம்பெனி இன்டர்நெட் வாங்கலாம் என்று அங்கே யாராவது பேச்செடுத்தால் போதும், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். மருமகன் சொன்னான், சலூன்காரன் சொன்னான் என்று ஒரு மணி நேரம் ஓடும். டெஸ்தான் பொறுமையாக உட்கார்ந்து பதினொரு கம்பெனியின் விளம்பரத்தையும் படித்து, பட்டறை வழக்கப்படி கட்டம் போட்டு எழுதி, ஒரு மலிவுக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு. அதுவரை அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் அடுத்த மாதம் தபாலில் வந்தது. தெரிந்தவரைச் சேர்த்துவிட்டால் ஆளுக்கு ஒரு மாதம் இலவசம், பத்துப் பேரைச் சேர்த்தால் மேற்கொண்டு ஒரு வருடம் முழுக்க இலவசம் என்று கம்பெனி எழுதியிருந்தது. இதை அவர் ஷெட்டில் சொல்லியிருக்கலாம். “அப்ப ஒரு பீர் வாங்கிக் குடுடா கஞ்சப்பயலே” என்று கேலி செய்துவிட்டு, சேர்த்துவிட்டவர் என்று எல்லாரும் சந்தோஷமாக அவர் பெயரைப் போட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. “விண்ணப்பத்த நானே நிரப்பித் தர்றேன், உனக்கு எதுக்குச் சிரமம்?” என்று வீடு வீடாகப் போனார். போன இடத்தில் எல்லாம் கேக் வெட்டி வைத்து நன்றி சொன்னார்கள். அதையும் சாப்பிட்டார்.

மனைவி கிளெனிஸுக்கு மட்டும் தெரியும்.

“ஓசியில கெடச்சா நீ பினாயிலையும் குடிப்ப டெஸ். புது கேரவன் வாங்கி வாசல்ல நிறுத்தியிருக்க. உனக்கு இது ஒரு கேடா?”

“தானா வர்றத எதுக்கு விடணும்?”

“தானாவா வருது? நீல்ல தெருத்தெருவா அலையுற!”

ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. பத்தாவது ஆளாக மெர்வ் ட்ரெவின் மிச்சமிருந்தார்.

மெர்வ் பட்டறையில் டெஸ்ஸுக்குப் பக்கத்து வேலை மேடையில் இருபது வருடம் நின்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் பெர்த்தில். பேத்தி பிப்பாவுக்கு ஆறு வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவளோடு பேசுவதற்காகவே மெர்வ் சைகை மொழி வகுப்புக்குப் போனார். சுத்தியல் பிடித்துத் தடித்த விரல்கள் லேசில் வளையவில்லை. மனிதர் விடவும் இல்லை. ஞாயிறுதோறும் தாத்தாவும் பேத்தியும் திரையில் கையால் பேசுவார்கள். வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். இவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும். டெஸ்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். மெர்வ் வீட்டு அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே எத்தனையோ ஞாயிறு தூர நின்று பார்த்திருக்கிறார்.

மெர்வ் வீட்டுக் கூரையில் ஒரு ஆன்டெனா இருந்தது. குன்றுமேல் கோபுரம் வைத்திருக்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் கொடுத்த இணைப்பு. விலை கூடுதல், ஆனால் படம் ஒரு நாளும் நின்றதில்லை. மலிவுக் கம்பெனி இணைப்போ பழைய செப்புக் கம்பி வழியாக வருவது. டெஸ் மெர்வின் விலாசத்தைச் சொல்லி விசாரித்தபோது ஃபோனில் இருந்த பெண் ஒளிக்காமல் சொன்னாள்: “அந்தத் தெருக் கோடி வரைக்கும் கம்பி ரொம்ப நீளம் சார். இமெயில் பாக்கலாம். வீடியோன்னா நின்னு நின்னுதான் வரும்.”

டெஸ் நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். மறுநாள் மெர்வ் வீட்டில் இருந்தார்.

“கூரைமேல கெடக்குற அந்தச் சட்டிக்கு எதுக்குடா இவ்ளோ காசு அழுவுற?”

“அது பாட்டுக்கு நல்லா ஓடுதே மாப்ளே.”

“இதுவும் ஓடும்.”

“பிப்பா படம் நிக்காதுல்ல?”

“அதெல்லாம் சரியா வரும்டா,” என்றார் டெஸ். இந்த ஊரில் அரைகுறையாக நட்ட வேலிகளில் பாதி அந்த வார்த்தையை நம்பித்தான் நிற்கின்றன.

“நீ சொன்னா சரி,” என்று மெர்வ் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் டெஸ் கேட்பார், “எப்படிடா ஓடுது?” மெர்வ் சொல்வார், “குறை ஒண்ணுமில்ல.” இங்கே குறை சொல்வதைவிடத் திருடுவதைச் சுலபமாக மன்னித்துவிடுவார்கள், அப்படி வளர்ந்த ஆட்கள். அது டெஸ்ஸுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை டீக்கு வா என்று மெர்வ் கூப்பிடுவது நின்றுபோனது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை மாதம், இங்கே அதுதான் குளிர்காலம், எலும்பு வரை ஏறுகிற குளிர். அந்த ஞாயிறு டெஸ் ஹார்டுவேர் கடை வாசலில் ஷெட்டுக்குக் காசு சேர்க்க சாசேஜ் சுட்டு விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மூடிக்கிடந்த நூலகத்தின் வாசலில் மெர்வின் பழைய வண்டி மட்டும் நின்றது. உள்ளே மெர்வ், தொப்பியும் மஃப்ளருமாக. ஃபோனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்திருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரல்களை ஊதி ஊதிச் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்.

டெஸ் கண்ணாடியைத் தட்டினார். மெர்வ் இறக்கினார்.

“என்னடா இங்க? லைப்ரரி மூடியிருக்கே.”

“வைஃபையைப் பூட்டுறதில்லையே. வீட்டுல பாதி வார்த்தையில அவ கை நின்னுடுது. இங்க நல்லா வருது. வெளிய வந்த மாதிரியும் ஆச்சு.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ அவ்ளோ பாடுபட்டுப் பாத்துக் குடுத்த. அதுல போய்க் குறை சொல்லவா?”

டெஸ்ஸுக்குக் காதெல்லாம் சுட்டது. “மெர்வ், எனக்குத் தெரியும்டா. படம் நிக்கும்னு கம்பெனிப் பொண்ணு முன்னாடியே சொன்னா. உன்னச் சேத்தா எனக்கு ஒரு வருஷம் ஓசி.”

மெர்வ் சாய்ந்திருந்த ஃபோனை நிமிர்த்தி வைத்தார்.

“நிக்கும்னு தெரிஞ்சு செஞ்சது எனக்குத் தெரியாது,” என்றார். “ஓசி விஷயம் தெரியும். கம்பெனிக்காரன் முதல் கடிதாசுலயே போட்டிருந்தான். நான் நடுவுல விட்டா உன் வருஷமும் போயிடும்னு கீழ சின்னதா எழுதியிருந்துச்சு. அதான் மாத்தாம இருக்கேன். கையில முடை போலிருக்கு, கேக்கக் கூச்சப்படுறான்னு நெனச்சேன்.”

ஆமாண்டா, கொஞ்சம் முடைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெர்வ் முகம் அதைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுவதுபோல இருந்தது. சொல்லிவிட டெஸ்ஸின் நாக்கும் எழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குமேல் இன்னொரு பொய்யைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை.

“முடை ஒண்ணுமில்லடா.”

“பின்ன எதுக்கு?”

“சும்மா கெடைக்குதேன்னு.”

மெர்வ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருடம் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. திரையில் பிப்பா கையை ஆட்டி ஆட்டித் தாத்தாவைக் கூப்பிட்டாள், வெளியே காட்டி ஏதோ கேட்டாள். மெர்வ் திரும்பி விரல்களால் பதில் சொன்னார்.

“என்ன கேக்குறா?” என்றார் டெஸ்.

“நீ யாருன்னு கேட்டா. யாரோ வழி கேக்க வந்த ஆளுன்னு சொன்னேன்.”

உள்ளே குளிர் வருகிறது என்று சொல்லி, மெர்வ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.